சம்பந்தியும் நானும் சேர்ந்து வாங்கிய சலுகை அட்டை

பேரன்பும் பெருமதிப்பும், கடந்த இருபத்திரண்டு நாட்களாகக் கொஞ்சம் மனவருத்தமும் கலந்து, சம்பந்தி அவர்களுக்குப் பெண்ணைக் கொடுத்தவன் கைகூப்பி எழுதிக்கொள்வது.

இங்கு நானும் என் வீட்டம்மாவும் மாத்திரைகளின் தயவில் சௌக்கியம். அங்கு தாங்களும், சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளையும், என் மகளும், எல்லாரையும்விட முக்கியமாக நம் பேத்தி உருண்டையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது. தெரியும் என்று எழுத வழியில்லாமல் செய்துவிட்டீர்கள். தங்கள் மூக்குக்கண்ணாடிக் கடை அமோகமாக நடக்கட்டும். அதற்காக ஊரில் எல்லாருக்கும் பார்வை மங்கட்டும் என்று வேண்டிக்கொள்வது நியாயமில்லை என்பதால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், ஒரு போன் போட்டால் முடிந்தது என்று தாங்கள் நினைக்கலாம். நினைக்க மாட்டீர்கள். ஏனென்றால் என் எண்ணைத் தங்கள் போனுக்குள் நுழையவிடாமல் பிளாக் பண்ணி வைத்திருப்பவர் சாட்சாத் தாங்கள்தான். தபாலை பிளாக் பண்ண இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதுவும் இது பதிவுத் தபால், கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். கையெழுத்து என்றதும் தங்களுக்கு அந்த நீலக் கோட்டுப் பெண்ணின் ஞாபகம் வரலாம். எனக்கு அவள் ஞாபகம் வராத நாளே இல்லை.

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் வழக்குக்கு வருகிறேன். மத்தியானம் ஒன்றிலிருந்து நான்கு மணிவரை தாங்கள் கடையைச் சாத்துவீர்கள். உருண்டை மூன்று மணிக்குத் தூங்கி எழுவாள். நான் ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். தாங்கள் அவளை மடியில் வைத்துக்கொண்டு, போனைக் கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கிய பெட்டிமேல் சாய்த்து வைத்து, படத்தோடு கூப்பிடுவீர்கள். இங்கே நானும் இவளும் முகம் கழுவி, தலை வாரி, வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருப்போம். அவள் வருவாள், ஒரு நிமிடம் எங்களை முறைப்பாள், அப்புறம் போனை நக்குவாள். எங்கள் திரை முழுக்க ஒரு நாக்கும் இரண்டு பல்லும்தான் தெரியும். ஐயா, அந்த நாக்கைப் பார்க்கத்தான் நான் தினமும் காலையில் எழுந்திருக்கிறேன். இருபத்திரண்டு நாளாகிறது. மகளும் மாப்பிள்ளையும் வேலை முடிந்து வீடு வரும்போது குழந்தை தூங்கிவிடுகிறது. மகள் படம் அனுப்புகிறாள். படத்தில் இருக்கிற குழந்தை நக்குமா, முறைக்குமா, சும்மா இருக்கும். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து இவள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். கேட்டால் வெங்காயம் என்கிறாள். கூடத்தில் ஏது வெங்காயம்?

இப்போது வழக்கு. தங்கள் ஞாபகத்துக்காக முதலிலிருந்து எழுதுகிறேன். பிள்ளைகள் கல்யாணம் முடிந்த நான்காம் மாதம் நாம் நால்வரும் ஏரியும் மலையும் இருக்கிற அந்த ஊருக்கு நான்கு நாள் சுற்றுலா போனோம். ரயில் நிலையத்தை விட்டு வெளியே கால் வைத்ததும், நீலக் கோட்டு போட்ட ஒரு பெண், நம்மைப் பெற்று வளர்த்தவள் மாதிரி அப்படி ஒரு பாசத்தோடு ஓடி வந்தாள். "உல்லாசத் தோழன்" என்று பளபளவென்று ஓர் அட்டை. படகு, அருங்காட்சியகம், கண்ணாடி மாளிகை, சாப்பாட்டுக் கடை, எங்கே போனாலும் சலுகை. நாலு பேருக்கும் ஒரே குடும்ப அட்டை, விலையோ ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான், அதுவும் இன்றைக்கு மட்டும்தான் என்றாள். நாம் ஊருக்குத் திரும்பிய நாளிலும் அவள் அதே இடத்தில் நின்று "இன்றைக்கு மட்டும்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்ததைத் தாங்களும் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தோம்.

அங்கேதான் நம் குலப்பெருமை குறுக்கே வந்தது. பணம் கொடுக்கிற இடத்தில் நாம் இருவரும் அடித்துக்கொள்கிற மாதிரி எதிரிகள்கூட அடித்துக்கொள்ள மாட்டார்கள். டீக்கடையில் டீ வருவதற்கு முன்னால் தாங்கள் காசைக் கொடுத்து வைப்பீர்கள். ஆட்டோவில் நான் ஏறும்போதே கொடுத்துவிடுவேன். அன்றைக்கு அந்தச் சின்ன மேஜைக்கு முன்னால் தாங்கள் என் கையைப் பிடித்து முறுக்க, நான் தங்கள் சட்டைப் பையைப் பொத்த, "நீங்க சும்மா இருங்க சம்பந்தி", "அட, நான் இருக்கும்போது நீங்களா", "என்னை அவமானப்படுத்தாதீங்க" என்று ஒரே தள்ளுமுள்ளு. பின்னால் வரிசையில் நின்றவர்கள் போலீசைக் கூப்பிடலாமா என்று யோசித்தார்கள். அப்போது அந்தப் புண்ணியவதி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அங்கிள்ஸ், சண்டையே வேண்டாம். இந்த வருஷம் அவர் குடுக்கட்டும், அடுத்த வருஷத்திலேர்ந்து நீங்க குடுங்க. ரெண்டு பேரோட பேங்க் கார்டையும் குடுங்க."

நாம் சிரித்தோம். என்ன சமயோசிதம், என்ன தமாஷ் என்று விழுந்து விழுந்து சிரித்தோம். நான் அவளுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது என்று வாழ்த்தினேன். அவளுக்கு இருந்தது. எனக்குத்தான் இல்லை. தங்கள் கார்டைத் தேய்த்துத் தங்களை முதல் உறுப்பினர் என்று போட்டுக்கொண்டாள். என் கார்டைத் தேய்த்து என்னைப் புதுப்பிக்கும் உறுப்பினர் என்று போட்டுக்கொண்டாள். ஒரு கண்ணாடிப் பலகையில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னாள். நம் இருவர் கையெழுத்தும் நசுங்கின மண்புழு மாதிரி விழுந்தது. உலகத்திலேயே அவள் ஒருத்திதான் தமாஷ் பண்ணாமல், அட்சரம் பிசகாமல் உண்மையைச் சொல்லி ஏமாற்றினவள்.

இதில் என் மனதை அறுப்பது எது தெரியுமா? நான் முப்பத்தாறு வருடம் பத்திரம் எழுதுகிறவன். பதிவு அலுவலக வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம், "ஐயா, படிச்சுப் பார்த்து, வில்லங்கம் இல்லேன்னு தெரிஞ்சப்புறம் கையெழுத்துப் போடுங்க" என்று தொண்டை கிழியச் சொன்னவன். தாங்களோ பொடி எழுத்தைப் படிக்க முடியாதவர்களுக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டுக் குடும்பம் நடத்துகிறவர். பொடி எழுத்துக்கு எதிராக இதைவிடப் பலமான கூட்டணி எங்கே கிடைக்கும்? அந்த நீலக் கோட்டு நம் இரண்டு பேரையும் ஒரே நிமிடத்தில் மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது.

சலுகை அனுபவித்த கதையையும் மறக்க வேண்டாம். படகுக்குப் பாதிக் கட்டணம், ஆனால் காலை ஒன்பது மணிக்கு முன்னால் மட்டும். படகுத்துறை திறப்பதோ பத்து மணிக்கு. அருங்காட்சியகத்தில் நுழைவுக்குச் சலுகை இல்லை, மிதிவண்டி நிறுத்தத்துக்கு உண்டு. மிதிவண்டி வைத்திருந்தது அங்கே காவல்காரர் ஒருவர்தான், அவர் பயனடைந்திருப்பார். சாப்பாட்டுக் கடையில் மூன்றாவது சூப்புக்கு இருபது சதவீதம் தள்ளுபடி என்றதும் தாங்கள் ரோஷப்பட்டு மூன்று சூப் குடித்தீர்கள். அன்று இரவு தாங்கள் பட்ட அவஸ்தையைப் பெரியவர்களுக்கு எழுதும் கடிதத்தில் விவரிப்பது மரியாதை இல்லை. மொத்தத்தில் இலவசமாகக் கிடைத்தது காகிதத் தொப்பி இரண்டு. நாலு பேருக்கு இரண்டு தொப்பி. அதற்கும் "நீங்க போட்டுக்கோங்க", "இல்லை நீங்க போட்டுக்கோங்க" என்று ஆரம்பித்து, கடைசியில் இரண்டும் ஏரியில் விழுந்தன.

ஒரு வருடம் கழித்து என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. "வாழ்த்துகள்! தாங்கள் தொடர்ந்து எங்கள் தோழர்!" என்று. யாரோ பரிசு கொடுத்திருக்கிறார்கள் என்று இவள் சந்தோஷப்பட்டாள். நானும் பக்கத்து மேஜை முத்திரைத்தாள் வியாபாரியிடம் பெருமையாகச் சொன்னேன், அவர் பொறாமைப்பட்டார். மறுவாரம் பாங்குக்குப் போனபோதுதான் பரிசு யாருக்கு என்று விளங்கியது. இரண்டாம் வருடம் என்னைக் கேட்காமலேயே என்னை வெள்ளித் தோழனிலிருந்து தங்கத் தோழனாக உயர்த்தினார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அதுதான், அதற்கும் நான்தான் சம்பளம் கொடுத்தேன். பாங்குக் குமாஸ்தாவிடம் போய் அழுதேன். "சார், நீங்களே சம்மதிச்சு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இங்க பாருங்க" என்று அந்த மண்புழுவைக் காட்டினார்.

அப்போதே தங்களிடம் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? பெண்ணைக் கொடுத்த இடத்தில் போய், "சம்பந்தி, அன்னிக்கு நீங்க என் கையை முறுக்கினதில் எனக்கு வருஷா வருஷம் தண்டம்" என்று சொல்கிற நாக்கு எனக்கு இல்லை. தங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "அந்த டூர் எவ்வளவு நல்லா இருந்துச்சு இல்ல?" என்பீர்கள். நான், "மறக்கவே முடியாதுங்க" என்பேன். உண்மையைத்தான் சொன்னேன், வருடா வருடம் ஞாபகப்படுத்துகிறார்களே.

மூன்றாம் வருடம் நானே களத்தில் இறங்கினேன். அவர்களுடைய விதிமுறைகள் நாற்பத்தோரு பக்கம். ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒன்பது நாள் படித்தேன். தொழில்காரன் என்ற முறையில் சொல்கிறேன், அதை எழுதியவனை நேரில் கண்டால் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன், அப்புறம் அந்தக் கையை உடைப்பேன். உறுப்பினர் விலக விரும்பினால் புதுப்பிக்கும் தேதிக்கு பதினைந்து நாளுக்கு மேலும் இருக்கக் கூடாதாம், பதினான்கு நாளுக்குக் கீழும் இருக்கக் கூடாதாம். அதாவது வருடத்தில் ஒரே ஒரு நாள். போன வருடம் அந்த நாளன்று அவர்கள் இணையதளத்துக்கு உடம்பு சரியில்லை. பராமரிப்புப் பணி என்று ஒரு குடையைப் படம் போட்டு வைத்திருந்தார்கள்.

இந்த வருடம் விடுவதில்லை என்று காலை எட்டு மணிக்கே குளித்துவிட்டு உட்கார்ந்தேன். இவள் போனில் அவர்களைக் கூப்பிட்டேன். தங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு குரல் நாற்பத்தேழு நிமிடம் சொன்னது. அவ்வளவு முக்கியமென்றால் எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே. கடைசியில் ஒரு பையன் எடுத்தான், பாவம், நல்லவன்தான். "சார், ரத்து பண்ணிடலாம் சார். முதல் உறுப்பினர் போனுக்கு ஆறு எண் உள்ள ஒரு நம்பர் போகும். அதை மூணு நிமிஷத்துக்குள்ள சொல்லணும் சார்" என்றான். இவ்வளவுதானா என்று எனக்குப் பறக்கிற மாதிரி இருந்தது. உடனே என் போனிலிருந்து தங்களைக் கூப்பிட்டேன். மிஸ்டு கால் கொடுக்காமல் நானே கூப்பிட்டது என் சுபாவத்துக்கு மாறாகத் தங்களுக்குப் பட்டிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். அதற்கப்புறம் நடந்ததைத் தாங்கள் மறந்திருந்தாலும் என் காதில் அப்படியே இருக்கிறது.

"சம்பந்தி, நான்தான். உங்க போனுக்கு இப்ப ஆறு நம்பர் வந்திருக்கும். கொஞ்சம் சட்டுனு படிங்க."

"யாரு?"

"நான்தாங்க, உங்க சம்பந்தி."

"எந்த சம்பந்தி?"

"உங்களுக்கு எத்தனை சம்பந்தி இருக்காங்க?"

"ஓஹோ! கேள்வி வேற கேக்கறியா? என் பையன் அன்னிக்கே சொன்னான். பேரு தெரிஞ்ச ஆளோடதா வரும், குரலும் அச்சு அசலா அப்படியே இருக்கும், நம்பரைக் கேட்டா மட்டும் குடுத்துடாதீங்கன்னு. மாட்டினியா!"

"அய்யோ, மூணு நிமிஷம்தான் இருக்குங்க!"

"அவசரப்படுத்தறான் பாரு! இதையும் சொன்னான் பையன்." அப்புறம் உள்ளே பார்த்து, "அடியே, இங்க வா, ஒருத்தன் மாட்டிக்கிட்டான்!"

மாப்பிள்ளை தங்களுக்கு நல்ல புத்திதான் சொல்லியிருக்கிறார், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதோடு விட்டீர்களா? எனக்குப் பரீட்சை வைத்தீர்கள்.

"நீ நெசமாவே எங்க சம்பந்தின்னா சொல்லு. கல்யாணத்துக்கு அவர் குடுத்த சுவர்க்கடிகாரம் எத்தனை நாள் ஓடிச்சு?"

"என்னங்க கேள்வி இது? நாலு வருஷமா ஓடிட்டிருக்கே. போன தடவைகூடப் பார்த்தேனே, சரியான மணி காட்டிச்சே."

"தப்பு! பதினோரே நாள்! அவர் வர்றப்பல்லாம் என் சம்சாரம் ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைத் திருப்பி வைக்கிறா, அவர் மனசு நோகக் கூடாதுன்னு. இது தெரியல, நீ சம்பந்தியா?"

அந்தக் கடிகாரத்தைக் கொடுத்த உண்மையான சம்பந்திக்கு அது தெரியாமல் இருப்பதற்காகத்தானே ஐயா ஸ்டூல் போட்டீர்கள்! எனக்குத் தெரிந்திருந்தால்தான் நான் போலி. இதை நான் எடுத்துச் சொல்வதற்குள் தாங்கள் அடுத்த குண்டைப் போட்டீர்கள்.

"எங்க சம்பந்தி தானா போன் போடற ஆளே கிடையாது. மிஸ்டு கால் குடுப்பாரு, நாங்கதான் திருப்பிக் கூப்பிடணும். மகா கஞ்சன்! அந்த ஒண்ணுலயே நீ யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

"என்னைப் பத்தி அப்படியா நெனச்சிட்டிருக்கீங்க?"

"உன்னைப் பத்தி இல்லடா, எங்க சம்பந்தியைப் பத்தி. கஞ்சன்தான், ஆனா தங்கமான மனுஷன். அவர் பேரை வெச்சு ஏமாத்த வந்தே, தொலைச்சுடுவேன்! வைடா போனை!"

இப்படியாக, என் பெயரைக் காப்பாற்ற என்னையே திட்டினீர்கள். தங்கமான மனுஷன் என்று சொன்னதும் காதில் விழுந்தது, விழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கஞ்சனுக்குப் பின்னால் வந்த தங்கம் என்பதால் அவ்வளவாக ருசிக்கவில்லை. பின்னணியில் சம்பந்தியம்மா, "விடாதீங்க, போலீசுக்குச் சொல்லுங்க!" என்று குரல் கொடுத்தார்கள். சாதுவான மனுஷி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இதற்குள் மூன்று நிமிடம் போயே போய்விட்டது. இவள் போனில் காத்திருந்த பையன், "பரவாயில்லை சார், அடுத்த வருஷம் பார்க்கலாம் சார்" என்று வைத்துவிட்டான்.

தாங்கள் பிளாக் பண்ணியதோடு நிற்கவில்லை, என் எண்ணை மோசடி எண் என்று எங்கேயோ புகாரும் செய்துவிட்டீர்கள். இப்போது நான் யாரைக் கூப்பிட்டாலும் அவர்கள் போனில் சிவப்பு எழுத்தில் "எச்சரிக்கை" என்று வருகிறதாம். தண்ணீர் கேன் போடுகிறவர் எடுப்பதில்லை. டாக்டர் வீட்டில் எடுப்பதில்லை. விற்பனைப் பத்திரம் எழுதச் சொல்லியிருந்த ஒருத்தர் நேரில் வந்து, "உங்க பேர்ல சிவப்பா வருதே, ஏதாவது வில்லங்கமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். என்னைப் பார்த்து! வில்லங்கம் பார்க்கிறவனையே வில்லங்கமாக்கிவிட்டீர்கள்.

மகளிடம் சொன்னேன். "மாமாவுக்கு அன்னிக்கு சாயங்காலமே தெரிஞ்சுபோச்சுப்பா. கடிகாரத்தை உளறிட்டேனே, கஞ்சன்னு வேற சொல்லிட்டேனேன்னு தலையைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கார். பிளாக்கை எடுத்தா நீங்க கூப்பிடுவீங்களாம், எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு பேசறதுங்கறார்" என்றாள். அப்படியானால் பிளாக்குக்குக் காரணம் கோபம் இல்லை, வெட்கம். வெட்கத்துக்கு ஒருத்தர் போனைப் பூட்டுவார் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. "நீங்களாவது அம்மா போன்லேர்ந்து கூப்பிடுங்கப்பா" என்றாள். "நானா? என்னை டேய்ங்கறவருக்கு நானா?" என்றேன். அவள், "நேத்து நாங்க ரெண்டு பேரும் சண்டை போட்டோம்ப்பா. உங்கப்பா, எங்கப்பான்னு. கல்யாணம் ஆனதிலேர்ந்து இதான் முதல் தடவை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாற்பத்தோரு பக்கத்தில் எங்கேயும் இது எழுதியிருக்கவில்லை சம்பந்தி.

ஆகவே, என் சுய நினைவோடும் பிறர் தூண்டுதல் இல்லாமலும் நான் கேட்டுக்கொள்வது யாதெனில், புதுப்பித்த பிறகும் மனமாற்றக் காலம் என்று ஒன்று உண்டு, அது வருகிற வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. அன்று நான்கு மணிக்குத் தங்கள் போனுக்கு ஆறு எண் வரும். அதை வெட்கப்படாமல், பரீட்சை வைக்காமல், என் மகளிடமாவது சொல்லவும். அத்தோடு அந்த அட்டையும் நமக்குள் உள்ள கணக்கும் முடிந்தது. இனிமேல் நாம் சேர்ந்து எங்கேயாவது போனால், அவரவர் பணத்தை அவரவர் கொடுப்பது என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். சூப்பும் அவரவர் பொறுப்பு. கடிகாரத்தைக் கழற்றி எனக்கே திருப்பி அனுப்பிவிடவும், தபால் செலவு என்னுடையது. கஞ்சன் கொடுப்பான்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம், இனி ஸ்டூல் ஏற வேண்டாம் என்று சொல்லவும், முழங்கால் முக்கியம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள், எங்கள் இருவர் பெயரையும் சொல்லி அவர்கள் சண்டை போடக் கூடாது என்பதையும் ஆசியோடு சேர்த்துக்கொள்ளவும். உருண்டைக்கு ஆயிரம் முத்தம். தங்கள் வாயால் கொடுக்கக் கூச்சமாக இருந்தால் மகளிடம் ஒப்படைக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையான, போலி அல்லாத,
சம்பந்தி

பின்குறிப்பு: ஒட்டின உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன், கிழிசலுக்கு மன்னிக்கவும். தபால் நிலையம் போகச் செருப்பு மாட்டும்போது அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். நான் எழுதின பதினோரு புகாரையும் படித்தாளாம். "சார், உங்களுக்காகவே ஒரு வழி பார்த்து வெச்சிருக்கேன். நம்பரே வேண்டாம். உங்களை மட்டும் அந்தக் குடும்பத்துலேர்ந்து எடுத்துட்டா போதும், இந்த வருஷப் பணம் பூரா திரும்பி வந்துடும். காரணம் மட்டும் சொல்லுங்க" என்றாள்.

"நீங்க ஏமாத்திட்டீங்கங்கறதுதான் காரணம்மா."

"அந்தக் கட்டம் இல்ல சார். ரெண்டே கட்டம்தான். காலமாகிட்டார், இல்லேன்னா உறவு முடிஞ்சுபோச்சு."

"சரி, செத்துட்டேன்னு போடும்மா."

"நீங்க பேசறது பதிவாகுதே சார். ரெண்டாவதையே போட்டுடலாம், சும்மா ஒரு டிக்தான். நீங்க வாயால ஒரு தடவை சொல்லணும், 'அந்தக் குடும்பத்துக்கும் எனக்கும் இனிமே எந்த உறவும் இல்லை'ன்னு. சொல்லுங்க சார்."

முப்பத்தாறு வருடத்தில் இந்த வரியை நான் எத்தனை அண்ணன் தம்பிக்கு எழுதியிருப்பேன்! சொத்தில் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கடைசிப் பத்திக்கு முந்தின பத்தி. கை நடுங்காமல் எழுதி, மை காய ஊதி, அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன். அதை இன்றைக்கு வாயைத் திறந்து சொல்ல வரவில்லை சம்பந்தி. ஏதோ ஒரு கம்ப்யூட்டரில், ஏதோ ஒரு டிக்குக்காகக்கூட வரவில்லை. இவள் பக்கத்தில் நின்று, "சொல்லித்தான் பாருங்களேன்" என்று கரண்டியை ஓங்கிக் காட்டினாள். அவள் காட்டியிருக்க வேண்டியதே இல்லை.

"உறவு இருக்கும்மா" என்றேன். அந்தப் பெண் சட்டென்று பிடித்துக்கொண்டாள். "அப்படின்னா சார், அஞ்சு வருஷ வைரத் திட்டத்துல போட்டுடட்டுமா? வீட்ல புதுசா யாராவது வந்திருந்தா அவங்களையும் சேர்த்துக்கலாம்." போடு என்றேன். பேத்தியையும் சேர்த்துக்கொள் என்றேன். கஞ்சன் சொன்னேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே மேலே கண்ட அத்தனை பக்கங்களையும், அவற்றில் உள்ள கோரிக்கைகள் அனைத்தையும், நான் இதனால் ரத்து செய்கிறேன். வெள்ளிக்கிழமை எந்த நம்பரும் வராது. கடிகாரம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. விண்ணப்பத்தை நிரப்புவதற்காக அந்தப் பெண், "குழந்தை தவழுதா சார், நடக்குதா? தனித்தனிக் கட்டம்" என்று கேட்டாள். "இருபத்திரண்டு நாள் முன்னாடி தவழ்ந்தாம்மா, இப்ப எனக்குத் தெரியாது" என்றேன். தெரிந்துகொண்டு சொல்லுங்கள் என்று காத்திருக்கிறாள். இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே, உருண்டை தூங்கி எழுந்ததும், மடியில் வைத்துக்கொள்ளாமல் தரையில் இறக்கிவிட்டு, போனைக் கொஞ்சம் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு எங்களைக் கூப்பிடுங்கள். நீங்கள் எதுவும் பேசக்கூட வேண்டாம்.